கிளிக்கர், குச்சி, குழாய் ட்ரீட்: பூனையைப் பழக்க எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

பூனை சொன்ன பேச்சு கேட்காது என்று பூனை வளர்ப்பவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். கேட்கும். 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், காப்பகத்தில் இருந்த 100 பூனைகளுக்கு இரண்டு வாரத்தில் 15 முறை, முறைக்கு ஐந்து நிமிடம், கிளிக்கர், அதாவது அமுக்கினால் 'கிளிக்' என்று சத்தம் போடும் கையடக்கச் சாமான், வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். முடிவில் 79 சதவீதப் பூனைகள் குச்சி நுனியை மூக்கால் தொட்டன. 60 சதவீதம் சொன்னதும் உட்கார்ந்தன. முன்னங்காலைத் தூக்கி ஆளின் கையில் தட்டியவை 31 சதவீதம், ஒரு சுற்று சுற்றி நின்றவை 27 சதவீதம். காப்பகம் என்றால் புது இடம், புது ஆள், புது வாசனை. அங்கேயே இவ்வளவு முடிந்தது என்றால், நம் வேலூர்ப் பக்கம் காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ சொந்த வீட்டு ஹாலில் கால் நீட்டிப் படுத்திருக்கும் பூனைக்கு இது பெரிய காரியமே இல்லை.

அதற்காக விற்கிற சாமான்கள் எல்லாம் தேவையா என்பதுதான் கேள்வி. ஆன்லைனில் 'பயிற்சி செட்' என்று கிளிக்கர், நீட்டி மடக்கும் குச்சி, இடுப்பில் மாட்டும் ட்ரீட் (தின்பண்டம்) பை, கூடவே ஒரு விசில் எல்லாம் சேர்ந்து வருகிறது. செட்டாக வாங்க வேண்டாம். விசில் நாய்க்கானது. பைக்குப் பதில் ஒரு சின்னக் கிண்ணம் போதும். ஆனால் மூடி 'டக்'கென்று திறக்கிற டப்பாவாக அது இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் பூனை கிளிக் சத்தத்தை விட்டுவிட்டு டப்பா சத்தத்தைக் கற்றுக்கொள்ளும், பிறகு சமையலறையில் எந்த டப்பாவைத் திறந்தாலும் காலடியில் வந்து நிற்கும். உருப்படியாகப் பார்த்துக் காசு போட வேண்டியவை மூன்றுதான்: கிளிக்கர் (அதுகூடக் கட்டாயம் இல்லை), தின்பண்டம், தூக்கிப் போகிற கூண்டுப் பெட்டி.

கிளிக்கரில் இரண்டு வகை கிடைக்கிறது. ஒன்று, பிளாஸ்டிக் பெட்டிக்குள் எஃகுத் தகடு வைத்து, கட்டைவிரலால் தகட்டையே அமுக்குகிற பழைய மாதிரி. இன்னொன்று, மேலே பட்டன் துருத்திக்கொண்டிருக்கும் மாதிரி. பூனைக்குப் பட்டன் மாதிரியே நல்லது. மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது, பூனைக்கு 60,000-ஐத் தாண்டியும் கேட்கும். தகட்டுக் கிளிக்கரின் கூர்மையான சத்தம் ஓர் அடி தூரத்தில் அடித்தால் பல பூனைகள் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு ஓடிவிடும். அதுதான் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்றால், சட்டைப் பைக்குள் வைத்து அமுக்குங்கள், அல்லது தகட்டின் மேல் இரண்டு சுற்று மருத்துவப் பிளாஸ்டர் ஒட்டுங்கள். சத்தம் மங்கிவிடும்.

கடையில் வாங்கினால் இருபது தடவையாவது அமுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே சத்தம், ஒரே வேகத்தில் வர வேண்டும். பட்டன் சிக்கிச் சிக்கி வந்தால் வேண்டாம், ஏனென்றால் இந்தச் சாமானின் வேலையே நேரத்தைச் சரியாகக் குறிப்பதுதான். பூனையின் பின்பக்கம் தரையைத் தொட்ட அந்தக் கணத்தில் சத்தம் வந்தால் 'உட்கார்ந்ததற்குச் சோறு' என்று அதற்குப் புரியும். ஒரு விநாடி தாமதித்தால் அதற்குள் பூனை எழுந்திருக்கும், 'எழுந்ததற்குச் சோறு' என்று பதிந்துவிடும். வாரக்கணக்கில் பழக்கியும் சில பூனைகள் உட்காராததற்கு இதுவும் ஒரு காரணம். கோழி நறுக்கிய ஈரக் கையோடு எடுத்தால் உள்ளே தகடு துருப்பிடித்துச் சிக்கும். அதனால் கிளிக்கர் ஒரு கையில், தின்பண்டம் மறு கையில் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அமுக்கி எழுதும் பால்பாயின்ட் பேனா இதே வேலையைச் செய்யும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சத்தம் மெதுவானது, பூனைக்குப் பொருத்தமானது, எல்லா வீட்டிலும் இருக்கிறது. நாக்கால் 'ட்ச்' கொட்டினாலும் ஆகும், கை இரண்டும் ஓய்வாக இருக்கும். அதில் ஒரே சிக்கல், அம்மா கொட்டும் 'ட்ச்' வேறு, பையன் கொட்டும் 'ட்ச்' வேறு. வீட்டில் ஒருவர் மட்டும் பழக்குகிறீர்கள் என்றால் நாக்கு போதும். இரண்டு மூன்று பேர் பழக்கினால் கிளிக்கருக்குச் செலவு செய்வது நியாயம்.

வாங்கியதும் எல்லோரும் செய்கிற தவறு, கிளிக்கரை அழுத்திப் பூனையைக் கூப்பிடுவது. அது கூப்பிடுகிற மணி இல்லை. 'இப்போது செய்தாயே, அது சரி, கூலி வருகிறது' என்பதற்கு மட்டுமே அந்தச் சத்தம். தவறிப்போய் அமுக்கிவிட்டாலும் ஒரு துண்டு கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காமல் விட்டுக்கொண்டே போனால் சத்தத்துக்கு மதிப்புப் போய்விடும்.

முதல் நாள் வேறு எதுவும் வேண்டாம். பூனை சும்மா இருக்கும்போது ஒரு கிளிக், ஒரு விநாடிக்குள் ஒரு துண்டு. பத்துப் பன்னிரண்டு தடவை, அதோடு நிறுத்துங்கள். இப்படி இரண்டு மூன்று வேளை. சத்தம் கேட்டதும் பூனையின் தலை சட்டென்று உங்கள் கையை நோக்கித் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால் அடுத்ததற்குப் போகலாம். துண்டை மூக்குக்கு மிக அருகில் நீட்டாதீர்கள். ஏறக்குறைய ஒரு சாணுக்குள் வரும் பொருளைப் பூனையால் தெளிவாகப் பார்க்க முடியாது, மோப்பத்தாலும் மீசையாலும்தான் தேடும். கண் எதிரே கிடக்கும் துண்டைக் காணாமல் அது தடுமாறுவது இதனால்தான். ஓர் அடி தள்ளித் தரையில் வையுங்கள், விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். பெர்சியன் மாதிரி முகம் தட்டையான பூனைக்குச் சமதரையில் சின்னத் துண்டைக் கவ்வ வராது. ஒரு பாட்டில் மூடியில் வைத்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளும்.

குச்சிக்குக் காசு வேண்டியதில்லை. நீட்டி மடக்குகிற உலோகக் குச்சி பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் இழுக்கும்போது வரும் சத்தம் சில பூனைகளை விரட்டுகிறது, விலை குறைந்தவற்றில் மூட்டு சீக்கிரம் தளர்ந்து தானாக மடங்கும். மரக்கரண்டியின் காம்பு போதும், ஒன்றரை அடி நீளம் இருந்தால் சரி. துடைப்பத்து ஈர்க்குச்சி வேண்டாம், அது ஆடும், ஆடுகிற எதையும் பூனை வேட்டைப் பொருளாகத்தான் பார்க்கும். முனையில் நீலமோ மஞ்சளோ துணி சுற்றிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நிறமும் பூனைக்குப் பிரிந்து தெரியும், சிவப்பு மங்கிப்போகும். முனையை முகத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் முன்னால் நீட்டினால் எந்தப் பூனையும் முகர்ந்து பார்க்கும். மூக்கு பட்டதும் கிளிக், துண்டு. இது வந்துவிட்டால் குச்சி போகிற இடமெல்லாம் பூனை வரும், மற்ற எல்லாவற்றையும் இதை வைத்தே சொல்லிக்கொடுக்கலாம்.

இனி தின்பண்டம். காசையும் கவனத்தையும் இங்கே போடுங்கள். கிளிக்கர் சுமாராக இருந்தாலும் தீனி நன்றாக இருந்தால் பூனை படிக்கும், தீனி சுமாராக இருந்தால் எந்தக் கிளிக்கரும் உதவாது.

பூனைக்கு இனிப்பு தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பிக்கான மரபணு பூனை இனத்தில் செயலிழந்து கிடக்கிறது என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். பிஸ்கெட்டையோ ஆற்காட்டு மக்கன் பேடாத் துணுக்கையோ அது நக்கினால், அதிலிருக்கிற நெய்க்காகத்தான். அதனால் இனிப்பைக் கூலியாகக் கொடுப்பதில் பயனே இல்லை, கேடுதான் மிச்சம். பாலும் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றுப்போக்கில் முடியும். பிரியாணியிலிருந்து எடுத்த கறித்துண்டு, அது ஆம்பூரோ ஆற்காடோ, எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், மசாலாவில் ஊறிய கறியைக் கழுவிக் கொடுத்தாலும் அது போகாது. நெத்திலிக் கருவாட்டு வாசனைக்குப் பூனை உயிரையே விடும் என்றாலும் அதில் உப்பு அதிகம், பயிற்சித் தீனியாகத் தினமும் கொடுக்கத் தக்கதல்ல.

எல்லாவற்றிலும் சிறந்தது தோலும் எலும்பும் இல்லாத கோழி நெஞ்சுக்கறி. குழம்புக்குப் போடும் முன் ஒரு துண்டு தனியாக எடுத்து, உப்பு மஞ்சள் இல்லாமல் வெறும் தண்ணீரில் வேகவையுங்கள். ஆறியதும் நாரோடு பிய்த்து, துவரம்பருப்பை விடச் சற்றே பெரிய துணுக்குகளாக்குங்கள். அளவு முக்கியம். கொஞ்சம் பெரிதானாலும் பூனை மெல்ல உட்கார்ந்துவிடும், நாலு துண்டிலேயே ஆர்வமும் தீர்ந்துவிடும். நாலு கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்குத் தோராயமாக 200 முதல் 240 கலோரி போதும். தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வேகவைத்த நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 165 கலோரி என்பதால், ஒரு நாளைக்கு 12 கிராம் கணக்கு. துணுக்கினால் நாற்பது துண்டுக்கு மேல் வரும், இரண்டு வேளைப் பயிற்சிக்குத் தாராளம். அந்த அளவைச் சாப்பாட்டில் குறைத்துக்கொள்ளுங்கள். மீதியைச் சின்னச் சின்னப் பொட்டலமாக ஃப்ரீசரில் வைத்து, வேண்டிய அன்று மட்டும் ஒன்று எடுக்கலாம். கடலிலிருந்து தள்ளி இருக்கிற ஊர் நம்முடையது. ஃபிரெஷ்ஷான மீன் கிடைத்த அன்றைக்கு முள் நீக்கி அவித்துக் கொடுங்கள், பூனைக்குத் திருவிழாதான். ஆனால் உதிர்ந்து கையில் ஒட்டும், வேகமாகக் கொடுக்க வராது.

கடையில் வாங்குவதென்றால் இரண்டு மாதிரி. டெம்ப்டேஷன்ஸ் போன்ற மொறுமொறு வில்லைகள் ஒவ்வொன்றும் இரண்டு கலோரிக்குள் அடங்கும், கெடாது, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். ஒரு வில்லையை இரண்டாக உடைத்தே கொடுங்கள். பாக்கெட்டைக் குலுக்காதீர்கள், டப்பா மூடிக்குச் சொன்னதே இதற்கும். மற்றது மீ-ஓ, ஷீபா ஆகியவை போடுகிற குழாய் ட்ரீட், நுனியைக் கிழித்துப் பிதுக்கினால் பூனை நக்கும். வேண்டாம் என்கிற பூனை மிகக் குறைவு. பெரும்பகுதி தண்ணீர் என்பதால் கோடையில் அதுவும் ஒரு நன்மைதான். ஆனால் நக்க நேரமாகும். 'உட்கார்' மாதிரி வேகமாகத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதற்கு இது ஒத்துவராது, ஓரிடத்தில் அமைதியாக நிற்கவைப்பதற்கு இதற்கு ஈடு இல்லை. பெட்டிக்குள் பழக்கவும், நகம் வெட்டவும், மருந்து கொடுக்கவும் இதை ஒதுக்கி வையுங்கள். வேலூர் சித்திரை வெயிலில் கிழித்த குழாயை வெளியே வைத்தால் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். மீதியை மடித்து கிளிப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். கரண்ட் நீண்ட நேரம் போன நாளென்றால் தூக்கிப் போடுவதே நல்லது.

எந்தத் தீனியானாலும் வயிறு நிறைந்த பூனையிடம் எடுபடாது. தட்டில் நாள் முழுக்க உலர் உணவு கொட்டி வைத்திருக்கிற வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது அந்தத் தட்டைத்தான். காலை, மாலை, படுக்கும் முன் என்று நேரம் வைத்துப் போடுங்கள், சாப்பாட்டுக்குக் கால் மணி முன்னால் பழக்குங்கள். பட்டினி போடுவது வேறு, அதைச் செய்யவே கூடாது. பூனை, அதிலும் குண்டுப் பூனை, இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரல் கெட்டுப்போகும். நேரத்தைப் பொறுத்தவரை விடியலும் அந்தியும் பூனை இயல்பாகவே சுறுசுறுப்பாக இருக்கும் பொழுது. நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டுகிற பகலில் பயிற்சி வேண்டாம். வாயைத் திறந்து இரைத்தால் உடனே நிறுத்தி, விசிறியடியில் தண்ணீர் வையுங்கள்.

'உட்கார்' எளிது. குச்சி முனையை மூக்கிலிருந்து மெதுவாக மேலே தூக்கி, இரண்டு காதுக்கும் நடுவே பின்னோக்கிக் கொண்டுபோங்கள். தலை பின்னால் சாயச் சாயப் பின்பக்கம் தானே இறங்கும். பூனை முன்னங்காலைத் தூக்கிக் குச்சியைப் பிடிக்கிறதா, நீங்கள் உயரமாகப் பிடித்திருக்கிறீர்கள். பின்னாலேயே நடக்கிறதா, சுவர் ஓரமாக நிறுத்திச் செய்யுங்கள். வார்த்தையை இன்னும் சொல்லாதீர்கள். பத்துக்கு எட்டு முறை சரியாக வந்த பிறகுதான் முதலில் 'உட்கார்', ஒரு விநாடி கழித்துக் குச்சி பிடித்த கையின் அசைவு. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் பூனை கையைத்தான் பார்க்கும், சொல் காதில் ஏறாது. ஒரு வேளைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம். அது எழுந்து போகும் முன் நீங்கள் முடித்துவிடுங்கள்.

கூப்பிட்டால் வருவதற்கு வெறும் 'வா' சரிப்படாது. வீட்டில் நாள் முழுக்க யாரையாவது 'வா' என்று கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறோம், கூலி இல்லாமல் காதில் விழுந்து விழுந்து அது தேய்ந்துவிட்டது. 'பூஸ்-வா' மாதிரி வேறெதற்கும் பயன்படாத ஒலி வேண்டும். வேலூர், வாணியம்பாடிப் பக்கம் ஒரே வீட்டில் தமிழும் உருதுவும், குடியாத்தம் பக்கம் தமிழும் தெலுங்கும் புழங்கும். எந்த மொழியானாலும் பூனைக்குச் சம்மதம், வீட்டார் எல்லோரும் ஒரே ஒலியைச் சொன்னால் சரி. மூன்றடி தூரத்தில் தொடங்கி, ஹாலின் மறுமூலை, அடுத்த அறை, கடைசியாக மொட்டை மாடிப் படிக்கட்டு என்று நீட்டுங்கள். ஒன்று மட்டும் கட்டாயம்: அந்தச் சொல்லால் கூப்பிட்டு மாத்திரை கொடுக்கவோ குளிப்பாட்டவோ கூடாது. அதற்கு நீங்களே போய்த் தூக்குங்கள். வந்தால் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை ஒருமுறை போனால் மீட்கப் பல வாரம் ஆகும்.

முழு வெள்ளை, நீலக் கண் பூனை எவ்வளவு கூப்பிட்டும் திரும்பவில்லை என்றால் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். அந்த வகையில் பிறவிச் செவிடு அதிகம். கிளிக்குக்குப் பதில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவதை அடையாளமாக வைத்துக்கொண்டால் அதே முறையில் பழகும். லேசர் வெளிச்சம் வேண்டாம், பிடிக்கவே முடியாத ஒன்றைத் துரத்தித் துரத்திப் பூனை சலித்துப்போகும்.

தண்ணீர் பீய்ச்சும் பாட்டிலைப் பயிற்சிச் சாதனம் என்று விற்கிறார்கள். வாங்காதீர்கள். சோபாவைக் கீறும்போது தண்ணீர் அடித்தால் 'கீறக் கூடாது' என்று பூனை கற்பதில்லை, 'இவர் இருக்கும்போது கீறக் கூடாது' என்றுதான் கற்கிறது. அடிப்பது, பிடரியைப் பிடித்துத் தூக்குவது, கத்துவது எல்லாம் அதே கணக்குதான்.

கடைசியாகப் பெட்டி. நூறு வித்தை தெரிந்த பூனையைவிட 'பெட்டி' என்றதும் தானே உள்ளே போய்ப் படுக்கும் பூனைதான் வீட்டுக்கு நிம்மதி. ஊசிக்குக் கொண்டுபோகும் நாளில் கீறல் வாங்காமல் இருக்க இதைவிட வழியில்லை. இப்போது பலர் வாங்குவது முதுகில் மாட்டும், கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குமிழ் வைத்த பை. நம் ஊருக்கு அது ஆகாது. வெயிலில் ஐந்து நிமிடம் நின்றாலே குமிழுக்குள் சூடேறும், காற்றுத் துளைகள் போதாது, பூனை நீட்டிப் படுக்கவும் முடியாது. கெட்டி பிளாஸ்டிக் பெட்டியே சரி. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் பாருங்கள். மேல்மூடி தனியாகக் கழன்று வர வேண்டும். மருத்துவரிடம் அடிப்பாதியில் படுத்தபடியே ஊசி போட்டுவிடலாம். பக்கவாட்டு கிளிப்புகள் வெறும் பிளாஸ்டிக்காக இருந்தால் நாளாக நாளாக உடையும், திருகாணி போட்டது நீடிக்கும். கதவு கம்பியாக, மேலும் கீழும் கொக்கி விழுவதாக இருக்கட்டும்.

மூடியைக் கழற்றி, அடிப்பாதியில் பூனை படுத்துப் பழகிய பழைய லுங்கியையோ புடவையையோ விரித்து ஹாலில் வைத்துவிடுங்கள். முதலில் குச்சியைக் காட்டி இரண்டு முன்னங்கால், கிளிக், துண்டு. பிறகு நாலு கால். பிறகு உள்ளேயே உட்கார. இது தயங்காமல் வந்ததும் மூடியை மாட்டுங்கள், கதவு வேண்டாம். அடுத்து கதவு. குழாய் ட்ரீட்டைக் கம்பி வழியாக நக்கக் கொடுத்துக்கொண்டே ஒரு விநாடி சாத்தித் திறங்கள், பிறகு ஐந்து, பிறகு முப்பது. பிறகுதான் கையில் தூக்கி இரண்டடி நடப்பது, வாசல் வரை போய்த் திரும்புவது. நடுவில் எங்கேயாவது பூனை கத்தினால் அதற்கு முந்தைய படிக்குத் திரும்புங்கள். 'கொஞ்சம் கத்தட்டும், பழகிவிடும்' என்று தள்ளியவர்களுக்கு மொத்தமும் முதலிலிருந்து தொடங்க வேண்டி வந்திருக்கிறது. மெதுவாகப் போனால் இரண்டு மூன்று வாரத்தில் ஆட்டோ வரைக்கும் வந்துவிடலாம்.

ஆட்டோவில் பெட்டியைச் சீட்டில் வைக்காமல் கால் அருகே தரையில், ஆடாமல் வையுங்கள். மேலே மெல்லிய துண்டு போர்த்துங்கள், காற்றுக்கு ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பின் ஹாரன் சத்தத்தில் எட்டிப் பார்க்க முடியாவிட்டால் பூனை பதறுவது குறையும். திரும்பி வந்ததும் பெட்டியைப் பரண்மேல் போடாதீர்கள். கதவைத் திறந்து அதே இடத்தில் வைத்து, அன்றைய இரவுச் சாப்பாட்டை உள்ளேயே போடுங்கள். ஆஸ்பத்திரி வாசனை ஒட்டிய துணியை மட்டும் மாற்றிவிடுங்கள்.